தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



அன்னி பெசன்ட் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு மார்க் கேள்விதான் ஞாபகம் வரும். ஹோம் ரூல் இயக்கம் எந்த ஆண்டு? 1916. எழுதினோம், மார்க் வாங்கினோம், அடுத்த கேள்விக்குப் போனோம். அதே 1916-ல், அதே சென்னையில், அந்த அம்மையார் இன்னொரு காரியமும் செய்தார். இந்தியப் பையன்களுக்காக ஒரு சாரணர் இயக்கத்தை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சாரணர் என்றால் கூடாரம் அடிப்பது, மலை ஏறுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது. அதற்கும் எழுபது வயது வெள்ளைக்காரப் பாட்டிக்கும் என்ன சம்பந்தம்? இந்த ஆச்சரியத்தில்தான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததை நம் ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

லண்டனில் 1847 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் அன்னி உட். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். ஹாரோ என்ற ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து அம்மா குடும்பத்தை ஓட்டினார். மெஸ் நடத்திப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அம்மாக்களை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா? 20 வயதில் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரோடு கல்யாணம். இரண்டு குழந்தைகள். மதத்தைப் பற்றி எழுந்த சந்தேகங்களை மனதுக்குள் பூட்டி வைக்கத் தெரியாதவர், 1873-ல் கணவரைப் பிரிந்தார். பிறகு சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகத் தலைவரோடு மேடை ஏறினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு புத்தகத்தை இருவரும் வெளியிட்டதற்காக 1877-ல் வழக்கு. தண்டனை மேல் கோர்ட்டில் ரத்தாயிற்று. ஆனால் அடுத்த வருடமே மகள் மேபலை இவரிடமிருந்து பிரித்து அப்பாவிடம் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. இதெல்லாம் தனியாக எழுதவேண்டிய கதை. தாண்டிப் போகிறேன்.

தாண்ட முடியாத இடம் 1888. லண்டனின் கிழக்குப் பகுதியில் பிரையன்ட் அண்டு மே என்ற தீப்பெட்டிக் கம்பெனி. எங்கள் அம்மாச்சி சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். அதனால் இந்தப் பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் சின்னப் பெண்கள். விடிந்ததும் வேலைக்கு வரவேண்டும். பேசினால் அபராதம், கால் அழுக்காயிருந்தால் அபராதம், நேரம் தாண்டினால் அரை நாள் கூலி போச்சு. குச்சி மருந்தில் இருந்த வெள்ளை பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துவிடும். இன்னொரு பக்கம், பங்கு வைத்திருந்தவர்களுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் லாபப் பங்கு கிடைத்தது. பெசன்ட் அம்மையார் அந்தப் பெண்களிடம் நேரில் விசாரித்து 1888 ஜூன் 23-ல் தன் பத்திரிகையில் எழுதினார். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அதில் எழுதியதெல்லாம் பொய் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது. பெண்கள் மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தவும், ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

இந்த வேலைநிறுத்தத்தை நடத்தியவர் அன்னி பெசன்ட் என்றுதான் ரொம்ப நாள் எழுதி வந்தார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பெண்கள் தாங்களாகவே வெளியேறினார்கள் என்பதைக் காட்டினார்கள். அவர்களாகவே கூடிப் பேசி, அவர்களாகவே ஆள் அனுப்பி, அம்மையாரின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். அந்தம்மாவின் யோசனை உண்மையில் வேறு. ஜனங்கள் அந்தக் கம்பெனித் தீப்பெட்டியை வாங்காமல் புறக்கணிக்கவேண்டும் என்பதுதான் அவர் நினைத்தது. இதனால் அவருடைய பெருமை குறையவில்லை என்பது என் கருத்து. ஆயிரத்துச் சொச்சம் பேர் கூலி இல்லாமல் தெருவில் நிற்கிறார்கள். அப்போது நிதி திரட்டவேண்டும், பெயர்ப் பட்டியல் எழுதவேண்டும், ஒவ்வொருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கவேண்டும், பார்லிமெண்ட் உறுப்பினர்களைப் பிடிக்கவேண்டும். இந்த வேலைகளை அவர் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். இரண்டு வாரத்துக்குள் கம்பெனி இறங்கி வந்தது, அபராதம் ஒழிந்தது. அந்த மாதமே தீப்பெட்டிப் பெண்களுக்கு ஒரு சங்கம் உருவாயிற்று. முதல் செயலாளர் இவர்தான். மேடையில் பேசுகிறவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சம் கிடையாது. நோட்டுப் போட்டுப் பெயர் எழுதுகிற ஆள்தான் கிடைக்க மாட்டான்.

1889-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்து பிரம்மஞான சபையில் சேர்ந்தார். நாத்திகம் பேசியவர் இப்படி மாறியதைப் பழைய தோழர்கள் மன்னிக்கவில்லை. 1893 நவம்பர் 16-ல் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து முதன்முதலாக இந்திய மண்ணில் கால் வைத்தார். எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? பம்பாயும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. நம்ம தூத்துக்குடி! 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். பிற்காலத்தில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் எழுந்தது அதை அடிப்படையாக வைத்துத்தான். அங்கே அவரோடு வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் அருண்டேல் என்ற இங்கிலாந்து இளைஞர். இவரை மதுரைக்காரர்கள் நாம் மறக்கக்கூடாது. நம் ஊரில் 1904-ல் பிறந்த ருக்மிணி தேவியைப் பின்னாளில் மணந்தவர் இவர்தான். கலாக்ஷேத்ராவை நிறுவிய அதே ருக்மிணி தேவி அருண்டேல். 1907-ல் பெசன்ட் அம்மையார் பிரம்மஞான சபைத் தலைவரானார். அடையாறுதான் அதன்பிறகு அவருக்கு வீடு.

இனி சாரணர் கதைக்கு வருவோம். 1907 ஆகஸ்டில் பேடன்-பவல் என்ற ராணுவ அதிகாரி இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவுக்கு இருபது பையன்களைப் போல அழைத்துப்போய் முகாம் போட்டார். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். நாலு அணியாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனையே தலைவனாகப் போட்டார். 1908-ல் அவர் எழுதிய புத்தகம் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதை வாங்கிப் படித்த பையன்கள் யாரையும் கேட்காமல் ஊர் ஊராகத் தாங்களே படை கட்டிக்கொண்டார்கள். 1909-ல் இங்கே பெங்களூரிலும் முதல் படை அமைந்தது. ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு. இந்தியப் பையன்களைச் சேர்ப்பதற்கு அரசாங்கம் தயங்கியது. அணிவகுக்கவும் துப்புத் துலக்கவும் காட்டில் ஒளிந்து வாழவும் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு நமக்கே எதிராகத் திரும்புவார்களே என்ற பயம்தான்.

அம்மையார் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. 1916-ல் அருண்டேலைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு இந்தியச் சாரணர் சங்கம் என்று தனியாகவே தொடங்கிவிட்டார். அதில் அவர் செய்த ஒரு மாற்றத்தைத்தான் நான் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தேன். வெள்ளைக்காரச் சாரணர்களின் அகல விளிம்புத் தொப்பிக்குப் பதிலாக இந்தியத் தலைப்பாகை. இங்கிலீஷ் பாட்டுக்குப் பதிலாக நம் நாட்டுப் பாட்டுகள்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு புதுப் படையை நடத்திப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தொப்பியைக் கடையில் வாங்கவேண்டும். துண்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. தலையில் கட்டலாம், கை முறிந்தவனுக்குத் தூளி போடலாம், இரண்டு மூன்றை முடிந்தால் கயிறாகவும் ஆகும். அதைவிட முக்கியம், பையனின் தாத்தா அவனைப் பார்த்துச் சிரிக்கமாட்டார். நம்ம பிள்ளையை வேற ஏதோ மதத்துக்கு இழுத்துட்டுப் போறாங்களோ என்று அம்மாவும் பயப்படமாட்டாள்.

இதை நான் எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன். வண்டியூரில் நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒன்றரை வருடமாக ஒரு சாரணர் படை நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் கூடுவோம். பையன்கள் 14 பேர். உதவிக்கு வருகிறோம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேர் கொடுத்தவர்கள் முப்பது பேருக்கு மேல். வந்து நிற்பது நாங்கள் நாலு பேர்தான். முதல் மாதம் சீருடைக்கு விசாரித்தோம். சட்டை, டவுசர், தொப்பி, பெல்ட், ஷூ என்று கணக்குப் போட்டால் ஒரு பையனுக்கு ஆகிற தொகை அவன் அப்பாவின் இரண்டு நாள் கொத்தனார் கூலியைத் தாண்டியது. கழுத்துக்கு ஒரு ஸ்கார்ஃப் மட்டும் போதும், மிச்சம் பள்ளிக்கூடச் சீருடையே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். தையல் கடை அக்கா ஒருவர் கூலி வாங்காமல் ஓரம் அடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் எட்டாக இருந்த பையன்கள் பதினொன்று ஆனார்கள். பெற்றோர்கள் கேட்ட முதல் கேள்வி மட்டும் இன்றுவரை மாறவில்லை: இதனால் எம்புள்ளைக்கு என்ன கிடைக்கும், தம்பி? சர்டிபிகேட் உண்டா, மார்க் உண்டா? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டிலும் படிப்பு என்றால் முதலில் கேட்டது அதைத்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. வருகிற ஏப்ரலில் நம் டிப்ளமோ முடிகிறது. நாங்கள் நாலு பேருமே மூன்றாம் ஆண்டு. கேம்பஸில் கிடைத்தால் ஓசூர், இல்லாவிட்டால் கோயம்புத்தூர். அப்புறம் அந்தப் பதினாலு பேர்?

பெசன்ட் அம்மையாருக்கு இந்தக் கேள்வி என்னைவிட மோசமான விதத்தில் வந்தது. 1914-ல் அவர் வாங்கி நடத்திய நியூ இந்தியா பத்திரிகை அரசாங்கத்தைத் தினமும் வறுத்தெடுத்தது. 1916-ல் முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் கட்டச் சொன்னார்கள். அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் கட்டினார். செப்டம்பரில் ஹோம் ரூல் லீக். 1917 ஜூனில் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் அவரைக் காவலில் வைக்க உத்தரவு போட்டார். கூடவே அருண்டேலும், பி. பி. வாடியாவும். மூவரும் ஊட்டிக்குப் போனார்கள். எழுபது வயதில் அங்கேயும் சும்மா இருக்காமல் சிவப்பும் பச்சையுமான ஹோம் ரூல் கொடியைத் தோட்டத்தில் ஏற்றினார் அந்தம்மா.

இதை அரசியல் கதையாகத்தான் எல்லோரும் படிப்பார்கள். நான் சாரணர் பக்கமிருந்து யோசித்தேன். இயக்கத்துக்கு வயது சுமார் ஒன்று. தொடங்கிய இருவரும் ஒரே நாளில் இல்லை. சென்னைத் தெருவில் தலைப்பாகையோடு போகிற பையனை சி.ஐ.டி. பார்க்கிற காலம். நியாயப்படி அந்த மாதமே கலைந்திருக்கவேண்டும். கலையவில்லை. 1917 செப்டம்பரில் அவரை விடுதலை செய்தபோதும் இருந்தது. டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரசின் முதல் பெண் தலைவராகி, நாடு முழுக்க அவர் சுற்றிக்கொண்டிருந்தபோதும் இருந்தது. 1921 வரை தன் பெயரோடு, தன் தலைப்பாகையோடு இருந்தது.

எப்படி இருக்க முடிந்தது என்பதற்கு என் ஊகம் அந்த அணி முறைதான். ஆறு முதல் எட்டுப் பையன்கள் ஓர் அணி. அணித்தலைவன் அவர்களில் ஒருவன். வருகைப் பதிவு எடுப்பது, சின்னவனுக்கு ரீஃப் நாட் சொல்லிக் கொடுப்பது, சமையல், பாத்திரம் கழுவுவது எல்லாம் அணிக்குள்ளேயே முடியும். பெரியவர் எல்லாவற்றையும் தானே செய்தால் படை அவரோடு ஊருக்குப் போய்விடும். அணியாக நின்றால் பெரியவர் ஊட்டிக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை வரும், பையன்களும் வருவார்கள். லண்டனில் தீப்பெட்டிப் பெண்கள் தாங்களே வெளியே வந்ததை நேரில் பார்த்தவர் அவர். இது அவருக்குப் புதுப் பாடமாக இருந்திருக்காது.

இதில் எனக்கு ஒரு சாட்சியும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கிவிட்டு வண்டியூருக்கு வருவார் அல்லவா? அந்த இரவும் மறுநாள் தேனூர் மண்டபத்திலும் எவ்வளவு கூட்டம் என்பதை வண்டியூர்க்காரனிடம் கேட்க வேண்டாம், மதுரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் படை தண்ணீரும் நீர்மோரும் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்களுக்கு செமஸ்டர் பரீட்சை. போகவே முடியவில்லை. இரண்டு அணிகளும் தாங்களே வேளை பிரித்துக்கொண்டார்கள். எவன் எத்தனை மணிக்கு அண்டாவில் நிற்பது, எவன் காணாமல் போன குழந்தைகளை போலீஸ் பூத்துக்குக் கூட்டிப்போவது என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தான் ஒரு அணித்தலைவன். எட்டாவது படிக்கிறவன். எழுத்துப் பிழைகள் நிறைய. தண்ணீர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சரி, 1921-க்கு வருவோம். பேடன்-பவல் அந்த வருடத் தொடக்கத்தில் மனைவியோடு இந்தியா வந்து ஊர் ஊராகச் சுற்றினார். இந்தியப் பையன்களுக்கு இனி இடமில்லை என்று சொல்ல முடியாது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. சென்னையில் பேசி முடித்து, பெசன்ட் அம்மையார் தன் சங்கத்தைப் பொது அமைப்போடு இணைத்துவிட்டார். அவருக்கு இந்தியாவின் கௌரவச் சாரண ஆணையர் என்ற பதவி கொடுத்தார்கள்.

இது சரியா என்று நானும் நண்பர்களும் ஒரு நாள் சாயங்காலம் முழுக்க வாதாடினோம். தன் கையால் வளர்த்ததை, அதுவும் நம்மை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்களிடம், தூக்கிக் கொடுக்கலாமா? அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோரின் சேவா சமிதிச் சாரணர்கள் அந்த இணைப்பில் சேராமல் தனியாகவே நின்றார்கள். மன்னருக்கு விசுவாசம் என்று உறுதிமொழி எடுக்க அவர்களுக்கு மனமில்லை. சுயமரியாதை என்று பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் அம்மையார் பக்கம்தான் பேசினேன். அவர் தனியாக ஆரம்பித்ததே கதவு மூடியிருந்ததால்தான். கதவு திறந்த பிறகும் வெளியே நின்று தன் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தால், அது பையன்களுக்காகவா, பலகைக்காகவா? நண்பன் ஒருவன் இன்றுவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொல்வதும் யோசிக்க வேண்டியதுதான்: சேர்ந்த பிறகு தலைப்பாகை யார் தலையில் இருந்தது?

அந்தக் காலகட்டத்தில் அம்மையாரின் செல்வாக்கு வேகமாகச் சரிந்துகொண்டிருந்தது. காந்தியின் ஒத்துழையாமையை அவர் எதிர்த்தார். சட்டத்தை மீறினால் கலவரத்தில் முடியும் என்று பயந்தார். மூன்று வருடத்துக்கு முன் அவரைத் தலைவராக்கிய ஜனங்கள் அவர் பேச எழுந்தால் கூச்சல் போட்டார்கள். அவருடைய கணிப்பு தப்பு என்று சரித்திரம் சொல்லிவிட்டது. இருந்தாலும் கைதட்டு நின்ற பிறகும் தனக்குச் சரி என்று பட்டதை எண்பது வயது வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு.

கடைசிக் காலத்தில், 1932-ல், சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த விருதான வெள்ளி ஓநாய் அவருக்குக் கிடைத்தது. உடம்பு தளர்ந்து அடையாற்றை விட்டு நகராமல் இருந்தார். 1933 செப்டம்பர் 20-ல் காலமானார். பெசன்ட் நகருக்கு பஸ் ஏறும்போது அந்தப் பெயர் யாருடையது என்று இனிமேலாவது பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லலாம்.

அவருக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 1937-ல் பேடன்-பவல் மறுபடியும் வந்தபோது இந்தியர்களைப் பற்றிச் சொன்னதாக வெளிவந்த வார்த்தைகள் இங்கே கோபத்தைக் கிளப்பின. 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு நேருவும் மௌலானா ஆசாதும் பேசிப் பேசி, 1950 நவம்பர் 7-ல் எல்லாம் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் ஆயிற்று. மறு வருடம் சாரணியரும் சேர்ந்தார்கள். மன்னரை வாழ்த்துகிற உறுதிமொழி போய், கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை என்று வந்தது. இங்கே எங்கள் படையும் அதில் பதிவுக்கு மனுக் கொடுத்திருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பியது நாங்கள் இல்லை, அந்த எட்டாம் வகுப்பு அணித்தலைவன்தான். தலைப்பாகை மட்டும் இப்போது சீக்கியப் பையன்கள் கட்டுகிறார்கள், மற்றவர்களுக்குத் தொப்பி.